தகரக் கூரைக்குக் கீழே



பங்குனி மாதத்தில் ஒரு நாள் வன்னிக் கிராமமொன்றுக்கு வீட்டுத் தரிசிப்புக்காகச் சென்றிருந்தேன். பகல் இரண்டு மணி இருக்கும். கணவரைப் போரில் இழந்த ஓர் அக்காவும் அவருடைய மகளும் முற்றத்து வேம்பின் கீழ்ப் பாய் போட்டு இருந்தார்கள். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நிழல் நகர நகரப் பாயும் நகர்ந்தது. "வீட்டுக்குள்ளை இருந்து படிக்கலாமே?" என்று கேட்டேன். "உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ மிஸ்" என்றாள்.

போனேன். ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. 2010 இல் மீள்குடியேறியபோது கிடைத்த தகரங்கள்தான் இன்னும் கூரை. இரண்டு யன்னல்களும் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன. "யன்னலைத் திறந்து விட்டால் காத்து வரும் அக்கா" என்று ஆலோசனை சொன்னேன். அவர் சிரித்தார். "தங்கச்சி, நீங்கள் நாலு மணி பஸ்ஸுக்குப் போயிடுவியள். இரவிலை இந்த வீட்டிலை நானும் இவளும்தான்."

படித்துப் பட்டம் பெற்ற நான் அவருடைய பயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பெண்கள் தனித்து வாழும் வீடுகள் பலவற்றில் இதே நிலைதான். பாதுகாப்புக்காக யன்னலை மூடுகிறோம். வெக்கையைச் சகித்துக்கொள்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டுமா? இல்லை என்பதைச் சொல்லவே இந்த மாதம் எழுதுகிறேன்.

எங்கள் வீடுகளுக்குள் வெப்பம் பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்குகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேராக நிற்கும். சுவரைவிடக் கூரையே அதிகம் சுடுகிறது. சூடேறிய தகரம் அடுப்பைப் போலக் கீழே இருப்பவர்கள்மீது அனலை வீசுகிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அந்தச் சூட்டுக் காற்றையே சுழற்றித் தருகிறது. 75 வாற்று மின்விசிறி நாளுக்கு 10 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22 அலகுக்கு மேல் செல்லும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் எப்படி ஏறியது என்பதை நாம் மறக்க மாட்டோம்.

கனடா போன்ற குளிர் நாடுகளில் கூரைக்குள் பஞ்சு போன்ற பொருளை அடைத்து வீட்டுச் சூடு வெளியேறாமல் தடுக்கிறார்கள். அசையாத காற்று வெப்பத்தை இலகுவில் கடத்தாது என்பதுதான் அதன் தத்துவம். நாங்கள் அதே வழியில் வெளிச்சூடு உள்ளே வராமல் தடுக்கலாம்.

முதலாவது, தகரத்துக்குக் கீழே ஒரு கிடுகுத் தட்டு. தகரத்தோடு ஒட்டாமல் ஒரு முழம் அளவு இடைவெளி விட்டு, சிலாகையில் கிடுகுகளை நெருக்கமாகக் கட்டுங்கள். மழை படாததால் வெளிக்கூரைக் கிடுகைவிட இது கூடிய காலம் நிற்கும். கறையான் பிடிக்கிறதா என்று இடைக்கிடை பார்க்க வேண்டும். அடுப்படிக்கு மேலும் மின்வயர் செல்லும் இடத்திலும் கிடுகு கட்டவே கூடாது.

இரண்டாவது, உயரத்தில் திறப்பு. சூட்டுக் காற்று மேலே எழும். கூரை முக்கோணமாக எழும் இரு பக்கச் சுவர்களிலும் துளையுள்ள சீமெந்துக் கற்களை வைத்து, உட்புறம் கம்பி வலை அடியுங்கள். கிடுகுத் தட்டுக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி இருந்தால் நல்லது. ஆள் எட்டாத உயரம் என்பதால் யன்னலைப் பூட்டியபடியே இரவில் காற்றோட்டம் கிடைக்கும்.

மூன்றாவது, வெள்ளைக் கூரை. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2017 முதல் ஏழை மக்களின் கூரைகளுக்கு இப்படி வெள்ளை பூசும் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. வழுவழுப்பான தகரத்தில் சுண்ணாம்பு நிலைக்காது. தகரத்துக்கென விற்கும் வெள்ளைப் பூச்சையே பாவியுங்கள். மாரி மழை ஓய்ந்த தை, மாசியில் பூசுவது பொருத்தம்.

கொஞ்சம் பணம் சேர்ந்தால் கடைகளில் சுருளாக விற்கும் பளபளக்கும் அலுமினியத் தாளை வாங்கலாம். ஆனால் தகரத்தோடு ஒட்ட அடித்தால் பயன் குறைந்துவிடும். தாளுக்கும் தகரத்துக்கும் இடையில் ஓர் அங்குலமாவது வெளி இருக்கட்டும். பளபளப்பான பக்கம் கீழே பார்த்தால் தூசு படிந்து மங்காது.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட வீடுகளில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அந்தச் சீற்றை வெட்டவோ, துளைக்கவோ, உரஞ்சிக் கழுவவோ வேண்டாம். அதன் நுண்ணிய தூசு நுரையீரலுக்குள் சென்றால் பல வருடங்களுக்குப் பின்னரும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதன்மேல் ஏறவும் வேண்டாம். உடைந்து விழுந்தவர்கள் உண்டு. கீழே கிடுகுத் தட்டுக் கட்டுவதே பாதுகாப்பானது.

அந்த அக்காவின் வீட்டில் மாதர் சங்கப் பெண்கள் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை கூடினார்கள். கிடுகு அவர்களே பின்னியது. கல்லுக்கும் வலைக்கும் மட்டும் சங்கத்தில் சிறு கடன் எடுத்தார். வைகாசியில் மறுபடி சென்றேன். வீடு குளிர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு மகள் உள்ளே மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். யன்னல் பலகைகள் அப்படியே இருந்தன. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

"இவ்வளவு காலமும் இது எங்கடை விதி எண்டு கிடந்தம் தங்கச்சி" என்றார் அக்கா.

சகோதரிகளே, வீடு கிடைத்தது போதும், வெக்கை ஒரு பிரச்சினையா என்று நினைக்காதீர்கள். பகல் முழுதும் உழைத்து வரும் உடலுக்கு நித்திரை வேண்டும். பிள்ளைக்குப் படிக்க இடம் வேண்டும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யாருடைய வீட்டில் முதலில் தொடங்குவது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.