ரேஷனில் ராகி வந்தது. ராகி விதைக்குப் பணம் எங்கே?

தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் 2023-ல் தொடங்கியது. முதலில் இதைச் செய்து பார்க்க நீலகிரியையும் தருமபுரியையும் அரசு தேர்ந்தெடுத்தது. சரியான தேர்வுதான். களியும் கூழும் இங்கே மருத்துவர் சொல்லிச் சாப்பிடும் பண்டங்கள் அல்ல. அதே 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்ததால் விழாக்களுக்கும் கண்காட்சிகளுக்கும் குறைவில்லை. ராகிக்கான மத்திய அரசின் ஆதார விலையும் ஏறியிருக்கிறது. 2022-23-ல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்தது 2025-26-க்கு 4,886 ரூபாய். ராகியை வாங்க ஆள் இருக்கிறது, விற்க இடம் இருக்கிறது, சாப்பிடச் சொல்ல அமைச்சர்கள் இருக்கிறார்கள். அந்த ராகியை விளைவிக்கும் விதை அடுத்த பத்து ஆண்டுகளில் என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் மட்டும் தெளிவான பதில் வருவதில்லை.

பயிர் மரபியல் என்றாலே நம் ஊரில் பேச்சு மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்குப் போய்விடுகிறது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அன்று தொடங்கிய இரு முகாம்களின் சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு முகாமுக்கு மரபணு என்ற சொல்லே விஷம். மற்றதற்கு அதுவே சர்வரோக நிவாரணி. இந்தச் சத்தத்தில் மறந்துபோனது சாதாரண பயிர் இனவிருத்தி: இரண்டு செடிகளைக் கலந்து, பேரன் பேத்திகளில் நல்லதைப் பொறுக்கி, வறண்ட நிலத்தில் விதைத்துப் பார்த்து, மீண்டும் பொறுக்குகிற பொறுமையான வேலை. தருமபுரியின் மானாவாரி நிலத்துக்கு இன்று வேண்டியது அந்த வேலைதான். அதை அரசுப் பணத்தில், இந்த மாவட்டத்து மண்ணிலேயே, குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு இடைவிடாமல் செய்ய வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

அந்த வேலையால் என்ன நடக்கும் என்பதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். எல்லை தாண்டினால் கர்நாடகம். மாண்டியாவில் உள்ள வி.சி. பண்ணையில் 1960-களில் சி.எச்.லட்சுமணய்யா என்ற அரசு ஆய்வாளர் உள்ளூர் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்தார். ராகிக்குப் பிறந்த வீடு கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிளம்பி வந்த பயிருக்குத் தன் பழைய உறவைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது போன்ற வேலை அது. பிறந்த ரகங்களுக்கு ‘இண்டாஃப்’ என்று பெயர் வைத்தார்கள். குண்டான கதிர், திரண்ட மணி, மேலான விளைச்சல். அந்த வம்சத்தில் மீண்டும் ஓர் ஆப்பிரிக்க வகையைச் சேர்த்து 1990-களில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ஜி.பி.யு. 28 ரகம், பூஞ்சையால் வரும் குலை நோயைத் தாங்கி நின்றது. காப்புரிமைத் தொகை கிடையாது, ஒப்பந்தக் கையெழுத்து கிடையாது. விவசாயி ஒருமுறை விதை வாங்கினால், அடுத்த ஆண்டு தன் களத்திலிருந்தே எடுத்து விதைத்துக்கொள்ளலாம்.

ராகியைக் கலப்பது சுலபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பூ கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது; தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பயிர். நெல்லில் செய்வதுபோல இடுக்கியால் மகரந்தப் பையை எடுப்பது இதில் பெரும்பாடு. ஆகவே ஒரு தந்திரம் செய்வார்கள். தண்டும் கணுவும் பச்சையாக இருக்கிற செடி தாய். கணுவில் ஊதா நிறம் ஓடுகிற செடி தந்தை. இரண்டின் கதிர்களையும் பூக்கும் தருணம் பார்த்துச் சேர்த்துக் கட்டி உறை போட்டுவிடுவார்கள். தாய்க் கதிரின் மணிகளை அடுத்த பருவம் விதைத்தால், ஆயிரக்கணக்கான பச்சை நாற்றுகளுக்கு நடுவே எங்கோ ஒன்றிரண்டில் ஊதா தெரியும். அவைதான் கலப்பில் பிறந்தவை. அந்த ஒன்றிரண்டிலிருந்து தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, நிலையத்திலும் பல ஊர்களிலும் விவசாயிகளின் வயலிலும் சோதித்து, ஒரு ரகம் வெளிவர ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். நம் ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் வருவதோ பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கில். ஊதாக் கணுவைக் கண்டுபிடித்தவர் ரகத்தைப் பார்க்காமலே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். அடுத்து வருபவர் வேறு தலைப்பில் திட்டம் எழுதுவார்.

அறிவியல் உலகிலும் ராகி கடைசிப் பந்திதான். நெல்லின் மரபணுத் தொகுதி 2005-லேயே முழுமையாகப் படிக்கப்பட்டுவிட்டது. ராகியின் முதல் வரைவு 2017-ல்தான் வந்தது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் ஷைலஜா ஹித்தல்மனி தலைமையிலான குழு எம்.எல். 365 என்ற ரகத்தை வைத்து அதைச் செய்தது. இரண்டு மூதாதைப் புற்களின் குரோமோசோம்கள் சேர்ந்த 36 குரோமோசோம் பயிர் என்பதால் வேலை கடினம் என்பது உண்மை. கடினம் மட்டுமே பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் என்பதை நாம் நம்பவில்லை. ஏழை சாப்பிடும் தானியம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். கோயம்புத்தூரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிறுதானியங்களுக்குத் தனி ஆய்வு நிலையம் வந்துவிட்டது. ஜி.என்.ரங்கசாமி அய்யங்கார் அங்கே சோளத்திலும் ராகியிலும் செய்த மரபியல் ஆய்வுகள் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்துக்குக் காவேரிப்பட்டினம் அருகே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆய்வு நிலையம் அமைந்தது. அங்கிருந்து பையூர் என்ற பெயரிலேயே ராகி, சாமை, கொள்ளு ரகங்கள் வந்தன. வறண்ட நிலத்துக்கென்றே உருவானவை அவை; பையூர் 2 சாமையை இன்றும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது பையூர் அந்தப் பக்கம் போயிற்று. தருமபுரிக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அது நல்ல பணி செய்கிறது. ஆனால் ரகங்களைச் செயல்விளக்கம் செய்துகாட்டுவதும் பயிற்சி தருவதும்தான் அதன் கடமை, ரகங்களைப் பிறப்பிப்பது அல்ல. மாவட்ட எல்லையை மழை பார்ப்பதில்லை என்று அதிகாரிகள் சொல்லலாம். அரூரின் மண்ணும் சித்தேரி மலையின் சரிவும் பென்னாகரத்தின் செம்மண்ணும் ஒன்றல்ல என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மண் மட்டுமல்ல, சாகுபடி முறையும் வேறு. ஆய்வு நிலையத்தின் சோதனைப் பாத்தியில் ராகி தனியாக நிற்கும். பரிந்துரைத்த உரம், பரிந்துரைத்த இடைவெளி. மானாவாரிக்காரர் வயலில் ராகிக்கு நடுவே அவரை ஓடும், துவரை நிற்கும், ஓரத்தில் கடுகோ சோளமோ இருக்கும். தனியாக ஓடி முதலில் வந்த ரகம் இந்தக் கூட்டுக் குடும்பத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதித்த பிறகுதான் அதற்குச் சான்று தர வேண்டும். இன்னொன்று தாள். மணி எவ்வளவு என்று பல்கலைக்கழகம் கேட்கும். தாள் எவ்வளவு என்று மாடு வைத்திருப்பவர் கேட்பார். கோடையில் ராகித்தாள் போர் இல்லாத வீட்டில் பசு மாடு நிற்காது. குட்டையான, மணி மட்டும் அதிகமான ரகத்தை அவர் ஏன் வாங்கவில்லை என்று விரிவாக்கப் பணியாளர்கள் வியக்கத் தேவையில்லை.

கொள்ளின் கதையைச் சாலையிலேயே பார்க்கலாம். தை, மாசியில் இந்த மாவட்டத்துத் தார்ச் சாலைகளில் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள். பேருந்தும் லாரியும் ஏறி மிதித்துத் தர வேண்டும். இரு சக்கர வண்டிக்காரர் சறுக்கி விழுவது உண்டு, காவல்துறை எச்சரிப்பதும் உண்டு. களம் இல்லாததும் கூலி கட்டுப்படியாகாததும் பாதிக் காரணம். மீதிக் காரணம் செடியிலேயே இருக்கிறது. கொடியாகப் படர்ந்து, அடியில் காய் முற்றும்போது நுனியில் பூ விட்டுக்கொண்டிருக்கும் பயிர் அது. நிமிர்ந்து நின்று ஒரே சீராக முற்றும் கொள்ளு இருந்தால் இயந்திரம் வயலுக்கே வரும். சாமையிலும் இதே குறைதான்: பலத்த காற்றடித்தால் சாயும், அறுக்க நாலு நாள் தாமதித்தால் மணி உதிரும். இவை மரபியலால் தீர்க்கக்கூடிய குறைகள். நெல்லிலும் கோதுமையிலும் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்.

பாரம்பரிய விதையே போதும், ஆய்வே வேண்டாம் என்பவர்களின் அக்கறையை மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. கழுத்துக் குலை நோய் தாக்கும்போது நாட்டு ரகம் என்று பூஞ்சை கருணை காட்டாது. நம் பாட்டிமார்களும் விதையை அப்படியே வைத்திருக்கவில்லை. அறுவடைக்கு முன் வயலில் நடந்து நல்ல கதிராகப் பார்த்து ஒடித்து எடுத்தார்கள். அதுவும் தேர்வுதான். அதற்குத் துணையாக இப்போது மரபணுக் குறியீடுகள் இருக்கின்றன: செடி கதிர் விடும் வரை காத்திருக்காமல், நாற்றின் ஓர் இலையைக் கிள்ளி, நோய் எதிர்ப்பு மரபணு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வேற்று உயிரின் மரபணு எதையும் இதில் நுழைப்பதில்லை. பத்து ஆண்டு வேலையில் சில ஆண்டுகளை இது மிச்சப்படுத்தும்.

மறுபக்கத்தாரிடமும் ஒரு கேள்வி உண்டு. மரபணுத் திருத்தத்தில் சில வகைகளுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிகளிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இரண்டு திருத்த ரகங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டுமே நெல், ஒன்று சம்பா மசூரியிலிருந்து, மற்றது எம்.டி.யு. 1010-லிருந்து வந்தது. புதிய கருவி கிடைத்ததும் முதலில் போய் நின்ற இடம் எது என்று பாருங்கள். தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. சோதனைத் தரவுகளை முழுதாக வெளியிடுங்கள், கருவியின் அடிப்படைக் காப்புரிமைகள் அயல்நாட்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களின் கையில் இருப்பதால் விதை விலையில் அது எப்படி எதிரொலிக்கும் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம். அதுவரை, கட்டணம் கேட்காத கலப்பும் தேர்வும் கையில் இருக்கும்போது அவற்றுக்கே பணம் இல்லை என்பது என்ன நியாயம்?

தக்காளிக்கும் மரவள்ளிக்கும் மாறிவிட்ட மாவட்டத்தில் ராகிக்கும் சாமைக்கும் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள், பாலக்கோடு சந்தையில் விலை விழும் நாளில் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களிடம் பேசிப் பார்க்கட்டும். அதையும் பயிரிடக் கிணற்றிலோ ஆழ்துளையிலோ தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாதவர் நிலத்தில் ஆடி மழைக்கு விதைக்க இவற்றை விட்டால் வேறு இல்லை.

விதையின் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயர் போட்டு விற்கத்தான் முடியாது. விவசாயிகள் காத்துவந்த ரகங்களை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யவும் அதில் வழி உண்டு. சித்தேரி மலையின் சாமை வகைகளை ஆய்வுக்கு எடுப்பதற்கு முன் அந்த ஊர்களின் பெயரில் பதிவு செய்துவிட வேண்டும். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் விதை வங்கிகளை அமைத்துக் காட்டியிருக்கிறது. அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவரச் சில மணி நேரப் பயணம் போதும்.

நல்ல ரகம் பிறந்தாலும் வயலுக்கு வந்து சேர வேண்டுமே. மஞ்சள் அட்டை போட்ட வல்லுநர் விதை, வெள்ளை அட்டை ஆதார விதை, நீல அட்டை சான்று விதை என்று மூன்று படி இறங்கித்தான் விவசாயி கைக்கு வரும். நெல்லில் இந்தச் சங்கிலி ஓடுகிறது. சாமையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கேட்க ஆளில்லை. மத்திய அரசின் ஆதார விலைப் பட்டியலில் சாமை இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். சத்தீஸ்கர் அரசு சாமைக்கும் வரகுக்கும் தானே கொள்முதல் விலை அறிவித்தது. தமிழ்நாட்டால் செய்ய முடியாததல்ல.

2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடும் மாநிலம் இது. அடுத்த அறிக்கைக்கு நாம் ஒரு கணக்கு தருகிறோம். ரேஷனில் தரும் ஒவ்வொரு கிலோ ராகிக்கும் ஒரு ரூபாயை அரசு தன் பங்காக விதை ஆய்வுக்கு ஒதுக்கட்டும். ஓர் அட்டைக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 ரூபாய். ராகி வாங்கும் அட்டைகள் ஒரு லட்சம் என்றால் 24 லட்சம் ரூபாய். அறிவிப்பைப் பொறுத்து ஏறி இறங்காமல், ராகி விநியோகம் நடக்கும்வரை வந்துகொண்டே இருக்கும் பணம் அது. அதை வைத்துப் பையூர் நிலையத்தின் பொறுப்பில் சித்தேரி, பென்னாகரம், பாலக்கோடு ஆகிய மூன்று இடங்களில் விவசாயிகளின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவரையும் துவரையும் கலந்த சோதனை வயல்கள் போட வேண்டும். இந்தப் பணியில் அமரும் இனவிருத்தியாளருக்குப் பத்து ஆண்டுகளுக்கு இடமாறுதல் கூடாது. எந்தச் செடியை அடுத்த தலைமுறைக்கு எடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் ராகியைத் தூற்றி, அரைத்து, களி கிண்டிப் பழகிய பெண் விவசாயிகளாக இருக்க வேண்டும். அந்த நாளைய கூலியையும் அவர்களுக்கு இந்த நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும்.