கண்ணை மூடினாலும் கால் தெரியும்!

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல ஆவுடையார்கோயில் பஸ்ஸைத் துரத்தி ஏறுறீங்க. கண்ணு சீட்டைத் தேடுது. காலு தானா படியில ஏறுது. எப்படி பாஸ்?

தசையிலும் மூட்டிலும் இருக்குற உணர்விகள் 'கால் இங்கே இருக்கு'ன்னு சேதி அனுப்பிட்டே இருக்கு. கால் கட்டைவிரல்ல கிளம்புற நரம்பிழை, தண்டுவடத்தோட பின்பக்கமா ஏறி முகுளம் வரைக்கும் ஒரே இழையா போகுது. ஒரு மீட்டருக்கும் மேல! அங்கே அடுத்த செல் அதை வாங்கி, எதிர்ப்பக்கம் மாறி, தலாமஸ் வழியா மூளைக்குச் சேர்க்குது. அதான் இடது கால் சேதி வலது மூளைக்குப் போகுது. மென்மையான தொடு உணர்வுக்கும் இதே ரூட்டுதான்.

ரூட்டு நடுவுல நசுங்கினா? வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954 சாலை விபத்துல தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. அசரலையே! சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானார்.

எல்லாருக்கும் அந்தத் தெம்பு வாய்க்காது. அதனால பைக் விபத்தைப் பார்த்தா, 'தூக்குடா மச்சி'ன்னு பாய்ஞ்சிடாதீங்க. தீ மாதிரி வேற ஆபத்து இல்லைன்னா, அடிபட்டவர் கழுத்தும் முதுகும் அசையாம பார்த்துக்கிட்டு 108-ஐக் கூப்பிடுங்க. அறுந்த தண்டுவடத்தைப் பழையபடி ஒட்டவைக்க இன்னிக்கும் வைத்தியம் இல்லை!