பழைய கருவிக்குப் புது மவுசு

1989ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. சாம்பல் நிறப் பெட்டி, நான்கு சிறிய மின்கலங்கள், வண்ணமோ வெளிச்சமோ இல்லாத சிறு திரை, அவ்வளவுதான். இரவில் விளையாட விரும்பியவர்கள் விளக்கின் அடியில்தான் உட்கார வேண்டியிருந்தது. அக்காலத்துப் போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையுடன் கருவிகளை விற்றன. ஆனால், அவை ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயோ பத்து மணி நேரத்திற்கும் மேல் தாக்குப்பிடித்தது. அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய குன்பெய் யோக்கோய், விலை மலிந்த பழைய தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். அவருடைய கணக்குத் தப்பவில்லை. இக்கருவியும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 118 மில்லியனுக்கும் மேல் விற்பனையாயின.

இத்தகைய பழைய கருவிகளை இன்றைய இளையோரும் தேடி வாங்குகின்றனர். திறன்பேசியில் ஆயிரம் விளையாட்டுகள் இருக்க, இது எதற்கு என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஆனால், கேம் பாயில் விளம்பரம் குறுக்கிடாது. அடுத்த கட்டத்திற்குச் செல்லப் பணம் கேட்காது. நள்ளிரவில் அறிவிப்பு ஒலி எழுப்பி அழைக்காது. ‘கார்ட்ரிட்ஜ்’ எனப்படும் சிறு அட்டையைச் செருகினால் அதிலுள்ள விளையாட்டு மட்டுமே ஓடும். இருவர் சேர்ந்து விளையாட வேண்டுமானால் கம்பியால் இணைத்துக்கொண்டு அருகருகே அமர வேண்டும். கருவியை அணைத்தால் டெட்ரிஸ் விளையாட்டின் புள்ளிகள்கூட அழிந்துவிடும். குறையாகத் தோன்றும் இந்த எல்லைகளே அதன் பெரிய நன்மை.

உண்மையான குறைகளும் உண்டு. மங்கலான திரை கண்ணுக்குச் சோர்வு தரும். பல அட்டைகளுக்குள் ஒரு பொத்தான் மின்கலம் இருக்கும். அதுதான் விளையாட்டின் முன்னேற்றத்தைச் சேமித்து வைக்கிறது. அது தீர்ந்துபோனால் பல மாத உழைப்பும் ஒரே நாளில் காணாமற்போகும். சேகரிப்பாளர்களின் போட்டியால் விலை ஏறிவிட, போலி அட்டைகளும் சந்தையில் கலந்துவிட்டன.

இவற்றைவிடக் கவலை தருபவை, ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை நிரப்பி மலிவாக விற்கப்படும் புதிய ‘பழைய பாணி’ கருவிகள். பெரும்பாலும் அவ்விளையாட்டுகளின் உரிமையாளரிடம் எவரும் அனுமதி பெறுவதில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. வேறு எப்படித்தான் விளையாடுவது என்று இக்கருவிகளை ஆதரிப்போர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும், அந்த நியாயம் நூலகத்திற்கும் அருங்காட்சியகத்திற்கும் பொருந்தும். பிறர் உழைப்பை விற்று இலாபம் பார்ப்பவருக்குப் பொருந்தாது. மேலும், ஆயிரம் விளையாட்டுகள் கொண்ட பெட்டியில் ஒன்றை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவும் பழக்கமே வளரும். அதற்குத் திறன்பேசியே போதுமே!

ஓர் அட்டையுடன் கிடைக்கும் பழைய கேம் பாய், இத்தகைய பெட்டியைவிட விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்கலாம். வாங்குமுன் மின்கல மூடியைத் திறந்து உள்ளே துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.