"சின்ன வண்டிதானே டீச்சர்!"

நீளமான பதிவு. ஊரில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு சென்னையில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் மட்டும் பொறுமையாகப் படித்தால் போதும். மற்றவர்கள் காபி குடிக்கப் போகலாம்.

எங்கள் கஸ்தூரிபா நகர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி. அனுப்பியவர் மூன்றாம் மாடி சார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், லிஃப்ட் கெட்டால் முதலில் போன் போடுகிறவர் அவர்தான். "ஊரில் நிலம் உள்ளவர்கள் கவனத்துக்கு. இரண்டே முக்கால் லட்சத்தில் பழைய மினி டிராக்டர். 1,100 மணி நேரம்தான் ஓடியது. ரொட்டவேட்டர் இலவசம். இனி உழவுக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம்." கீழே வரிசையாகக் கைகூப்பல்கள், கட்டை விரல்கள். நான் மட்டும் "அவசரப்படாதீர்கள் சார்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "சின்ன வண்டிதானே டீச்சர்!"

இந்த "சின்ன வண்டிதானே" மேல்தான் எனக்குக் கோபம். இதே வார்த்தையைச் சொல்லித்தான் 2022 சித்திரையில் நானும் என் வீட்டுக்காரரும் 2,60,000 ரூபாயைக் கொடுத்தோம்.

மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் மாமனார் வழி நிலம், இரண்டே முக்கால் ஏக்கர். சொர்ணவாரிக்கு முன்னால் வண்டி வந்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். பதினெட்டு குதிரைத்திறன் வண்டி. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, குற்றம் கம்பெனியுடையது அல்ல. பளபளவென்று சிவப்புப் பெயின்ட். மீட்டரில் 1,140 மணி. நான் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள், என்னை ஏமாற்ற முடியுமா என்ற திமிர் வேறு. சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. வரப்போரம் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். அன்றே முன்பணம்.

அன்று நான் தொட்டுப் பார்த்த பானட் சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஏன் சூடாக இருந்தது என்பது இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. அந்த வண்டியை நாங்கள் விற்கப் புறப்பட்டபோது, தரகர் என்னிடமே ரகசியம் போலச் சொன்னார்: "டீச்சரம்மா, ஆள் வர்றதுக்கு முன்ன ஒரு அரை மணி நேரம் ஓட விட்டு வைங்க. அப்புறம் டப்புனு ஸ்டார்ட் ஆயிடும்." டீசல் இன்ஜின் காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் அழுத்தம் கசிகிறது, குளிர்ந்த நிலையில் அந்தச் சூடு போதாது, வண்டி இருமும், வெள்ளைப் புகை விடும். ஏற்கெனவே சூடேற்றி வைத்துவிட்டால் நோயாளிக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து டாக்டரிடம் கூட்டிப்போன கதைதான். பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியலை நானே நடத்தியிருக்கிறேன். வாங்கும்போது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை!

முதல் மழைக்குப் பிறகு சேடை ஓட்ட இறக்கினோம். மூன்றாம் நாள் கியர் உறுமியது. மெக்கானிக் வந்து கியர் பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துக் காட்டினார். எண்ணெய் நிறத்தில் இல்லை, நாயர் கடை டீ நிறத்தில் இருந்தது. "தண்ணி கலந்திருக்கும்மா. சேத்துல அடிச்ச வண்டி. சீல் எல்லாம் போயிருக்கு." பல டிராக்டர்களில் கியருக்கும் பின்னால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். ஒன்று கெட்டால் இன்னொன்றும் சேர்ந்து கெடும். பேரிங், சீல், கிளட்ச் பிளேட், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். நாற்றங்கால் முற்றிக் கிடக்க, நடவுக்குப் பக்கத்து ஊர் வண்டியை வாடகைக்குக் கூப்பிட்டோம். யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்று வாங்கிய வண்டி மரத்தடியில் பிரித்துப் போட்டுக் கிடந்தது.

சரி, மீட்டர் 1,140 காட்டியதே? அதைத்தான் எல்லோரும் ஜாதகம் மாதிரி நம்புகிறீர்கள். பழைய வகை மீட்டர் கடிகாரமே அல்ல. அது இன்ஜின் சுற்றுகளை எண்ணி மணியாகக் காட்டுவது. மெதுவாக ஓடினால் ஒரு மணி நேர வேலை அதில் ஒரு மணியாக ஏறாது. கேபிளைக் கழற்றிவிட்டால் எதுவுமே ஏறாது. மொத்த டாஷ்போர்டையும் மாற்றிப் போட்டால் பிறந்த குழந்தை. பொய் சொல்லத் தெரியாத இடங்கள் வண்டியில் வேறு உண்டு. கிளட்ச், பிரேக் மிதியில் உள்ள வரிகள் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். பின்னால் டிரெய்லர் மாட்டும் இழுவைத் தகட்டின் ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்தில் இருந்தால் அந்த வண்டி பல வருஷம் செங்கல்லும் மணலும் இழுத்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் மூடியை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். திரும்பி வரும்போது கலப்பை தரையில் உட்கார்ந்திருந்தால் ஹைட்ராலிக் தேய்மானம். புதுப் பெயின்ட் பார்த்தால் எனக்கு இப்போது பயம்தான் வருகிறது. பத்து வருஷ வண்டிக்கு எதற்கு அலங்காரம்? எங்கே ஒழுகியது என்று மறைக்கத்தான்.

அப்புறம் அந்த இலவச ரொட்டவேட்டர். எங்களுக்கும் கொடுத்தார்கள், நான்கு அடி அகலம். பதினெட்டு குதிரைத்திறனுக்கு மூன்றடி போதும். நான்கடியை மாட்டினால் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு திணறும், கிளட்ச் சாகும். வண்டிக்குப் பொருந்தாததைத்தான் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இன்ஜினின் குதிரைத்திறன் முழுவதும் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வதில்லை என்பதையும் விற்கிறவர் சொல்ல மாட்டார்.

அந்தத் தண்டைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. நிமிஷத்துக்கு 540 சுற்று என்று புத்தகத்தில் போட்டிருக்கும். வகுத்துப் பாருங்கள், நொடிக்கு ஒன்பது சுற்று. புது வண்டியில் அதன் மேல் ஒரு உறை இருக்கும். பழைய வண்டியில் பெரும்பாலும் இருக்காது. எங்கோ உடைந்து, எங்கோ கழற்றி எறிந்து, யாரும் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். எங்கள் வண்டியிலும் இல்லை. அது இல்லை என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. 2023 தை மாதம் ஒரு காலை, ஓடிக்கொண்டிருந்த ரொட்டவேட்டரில் ஏதோ சிக்கியிருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் குனிந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனி தண்டில் பட்டது. பட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் துண்டு இல்லை. தண்டைச் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. தோளில் சும்மா போட்டிருந்தார், உருவிக்கொண்டு போய்விட்டது. பனிக்காக அதைக் கழுத்தில் சுற்றி முடிந்திருந்தால்? அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அடையாறு திரும்பும் வரை காரில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த உறையை வாங்கி மாட்டுவதற்கு ஆன செலவு எங்கள் ஒரு மாதப் பால் கணக்கைவிடக் குறைவு.

வண்டி சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று ஒரு நினைப்பு. தென்னந்தோப்பில் நுழைய வேண்டும் என்று சக்கரங்களைக் குறுக்கி வைத்திருப்பார்கள். அகலம் குறையக் குறைய, வரப்பில் ஏறும்போது கவிழ்வது சுலபம். இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி இருக்கும், வயலில் சட்டென்று திரும்புவதற்காக. சாலையில் ஏறும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். கார் ஓட்டிப் பழகிய நமக்கு இது தோன்றவே தோன்றாது. ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழலும். பேரனை மட்கார்டில் உட்கார வைத்துப் படம் எடுத்து இதே முகநூலில் போடுகிறீர்களே, அந்தப் படங்களுக்கு நான் ஒருநாளும் லைக் போட்டதில்லை. காரணம் இதுதான்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன், திண்டிவனம் பக்கம், பழைய டிராக்டர் வாங்கினான். ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் இருந்தது. "கட்டி முடிச்சாச்சு, பேப்பர் அப்புறம் வரும்" என்றார்களாம். ஆறாம் மாதம் இரண்டு பேர் வந்து, பாக்கித் தவணை என்று வண்டியை எடுத்துப் போனார்கள். பணமும் போனது, வண்டியும் போனது. கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவம் கையில் வராமல் ஒரு ரூபாய் தராதீர்கள். பெயர் மாற்ற 29, 30. விற்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: பெயர் மாற்றாமல் கொடுத்த வண்டி விபத்தில் மாட்டினால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரைத்தாளில் எழுதி வாங்கினோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இப்போது மூன்றாம் மாடி சாருக்குப் பிடித்த கணக்குக்கே வருகிறேன். எங்கள் நிலத்துக்கு ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு நான்கு மணி நேர உழவு. இரண்டு போகம், இரண்டே முக்கால் ஏக்கர், ஆக வருஷத்துக்கு 22 மணி நேரம். தனியார் வாடகை எங்கள் பக்கம் ரொட்டவேட்டருடன் மணிக்கு 1,300 என்று வைத்தாலும் 28,600 ரூபாய். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியில் நான் பதிவு செய்தபோது மணிக்கு 500, அப்படியானால் 11,000. மூன்று லட்சத்தை ஏழு சதவீத வைப்பில் போட்டால் வட்டியே 21,000. டீசல், டிரைவர் கூலி, இன்ஷூரன்ஸ், பேட்டரி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. வருஷத்தில் 365 நாளில் மூன்று நாள் வேலைக்கு ஒரு யானையைக் கட்டித் தீனி போடுகிறோம். குட்டி யானை என்றாலும் யானைதான்.

"மழை பெய்த அன்று வாடகை வண்டி கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். கிடைக்காது. ஏரியில் தண்ணீர் திறந்தால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும், அரசு வண்டியானாலும் தனியார் வண்டியானாலும் வரிசைதான். சொந்த வண்டிக்கு இருக்கும் ஒரே நியாயமான காரணம் அது, நான் மறுக்கவில்லை. தென்னை, மா, கொய்யா என்று பெரிய வண்டி நுழைய முடியாத தோப்பு வைத்திருப்பவர்களுக்கும், வருஷம் முழுக்க இடை உழவு, மருந்து தெளிப்பு என்று வேலை இருப்பவர்களுக்கும் சின்ன டிராக்டர் அருமையான சாமான். அவர்கள் வாங்கட்டும். ஆனால் அவர்களும் முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு ஓட்டி, எத்தனை மணி நேரம், எந்தக் கருவி என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வாங்கட்டும். டாஃபே தலைமையகம் நுங்கம்பாக்கத்தில், நம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. டிராக்டர் செய்து விற்கிற அந்த நிறுவனமே 2020 ஊரடங்கின்போது சிறு விவசாயிகளுக்கு இலவச வாடகைத் திட்டம் கொண்டுவந்தது. வாடகை ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்கு முன் மூன்று லட்சம் விலையுள்ள புது வண்டி 3,36,000-லிருந்து 3,15,000 ஆகிறது. பழைய வண்டி விற்கிறவர்கள் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே விலை சொல்கிறார்கள். வாரன்டியோடு வரும் புது வண்டிக்கும் இந்த 1,100 மணி நேர மர்மத்துக்கும் நடுவே அப்படி என்ன பெரிய வித்தியாசம் மிச்சம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வண்டியை 2024-ல் விற்றோம். சூடேற்றி வைக்கவில்லை. ரிப்பேர் பில்லையும் டீ நிற எண்ணெய்க் கதையையும் சேர்த்தே சொன்னோம். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். 1,70,000-க்குப் போனது. வாங்கியவர் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார். போன மாதம்கூட ஒரு பை கொய்யா கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் மாடி சார், ஞாயிற்றுக்கிழமை அச்சிறுபாக்கம் போய் வண்டி பார்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். நானும் வருகிறேன். என் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன், செங்கல்பட்டில் ஏறிக்கொள்வார். அவருக்கு ஒரு நாள் கூலியும் காலை டிபனும் உங்கள் கணக்கு. விற்கிறவரிடம் ஒன்பது மணி என்று சொல்லியிருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும், மாற்றிச் சொல்லாதீர்கள். நாம் ஐந்தரைக்கு எல்.பி. ரோடு முனையில் கிளம்பி ஏழரைக்கே போய் நிற்போம். போனதும் நீங்கள் பெயின்ட்டைப் பாருங்கள், நான் பானட்டில் கை வைத்துப் பார்க்கிறேன்.