பாடுபட்ட மண், பட்டா இல்லாத மண்

தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலைக் கிராமங்களில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் சர்வே எண்ணில் தொடங்குவதில்லை. கல் பொறுக்கியது யார், முள்ளை வெட்டியது யார், அந்த இலவ மரத்தை வைத்தது யாருடைய பாட்டன் என்றுதான் தொடங்குவார்கள். வனத்துறை அதே மண்ணை ‘ஆக்கிரமிப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்.

கல் பொறுக்கியவரின் வாதத்துக்குத் தத்துவ உலகில் பெரிய இடம் உண்டு. 1689-இல் வெளிவந்த, ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் ‘அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகள்’ நூலில், இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இதுதான். உடல் அவனவனுக்குச் சொந்தம். எனவே உழைப்பும் சொந்தம். உழைப்பு கலந்த மண்ணும் சொந்தம். அரசு பட்டா கொடுத்து உரிமை பிறப்பதில்லை. உரிமை முன்பே பிறந்துவிட்டது, அதைக் காக்கத்தான் அரசு. நம் ஊர்க் கோர்ட் பாஷையில் ‘அனுபவ பாத்தியம்’ என்று சொன்னால் லாக்குக்குப் பாதி புரிந்துவிடும்.

அப்படியானால் லாக் மலைக்காரர் கட்சியா? அவசரப்பட வேண்டாம். இதே மலையில் வெள்ளாமைக்காரர்களுக்கு முன்பிருந்தே பளியர் பழங்குடிகள் வாழ்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த அவர்களுக்கு லாக்கின் கணக்கில் தேன் சொந்தம், கிழங்கு சொந்தம், காடு சொந்தமில்லை. வேட்டையாடியவனுக்கு மான், உழுதவனுக்கு நிலம் என்பது அவர் வகுத்த முறை. உழாத மண் அவர் பார்வையில் வெறும் தரிசு. கரோலினா குடியேற்றத்தின் உடைமையாளர்களுக்குச் செயலாளராக வேலை பார்த்தவர் அவர். அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலம் தரிசாகத் தெரிந்ததில் பெரிய ஆச்சரியமில்லை.

அதே அத்தியாயத்தில் இன்னொரு வரி உண்டு. என் வேலைக்காரன் வெட்டிய புல்தரைக் கட்டியும் எனக்கே சொந்தம் என்கிறார். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறி ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு பக்கம் பார்த்தால் இந்த ஒரு வரியின் கனம் தெரியும். கொழுந்து கிள்ளிய கைகளுக்கு ஒரு தேயிலைச் செடிகூடச் சொந்தமில்லை. உழைப்பு உரிமை தரும் என்ற கோட்பாடு கூலிக்காரர் வாசலில் வந்ததும் நின்றுவிடுகிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-இல் லாக்கைச் சீண்டி ஒரு கேள்வி கேட்டார்: எனக்குச் சொந்தமான தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, அல்லது சாறு வீணாகுமா? ஆனால் அவரே சொத்துரிமையின் தீவிரக் காவலர். முதலில் வந்த விதம் நியாயமாக இருந்து, கைமாறிய விதமும் நியாயமாக இருந்தால் சொத்து நியாயம். எங்காவது அநியாயம் நடந்திருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும். இந்த அளவுகோலை அரசின் மீதும் வைக்கலாமே. வருசநாடு கண்டமனூர் ஜமீனுக்குள் இருந்த நாடு. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாண ஜமீன்களை ஒழித்து, அவற்றின் காடுகளை அரசுடைமையாக்கியது. ஜமீனுக்கு அந்தக் காடு எப்படி வந்தது, பளியரை யார் கேட்டார்கள்? உழவனிடம் மட்டும் மூலப் பத்திரம் கேட்பது சரியில்லை.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்தப் பழைய அநியாயத்தைச் சரிசெய்யத்தான் வந்தது. பழங்குடிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1930 டிசம்பருக்கு முன் வந்த குடும்பமாக இருக்க வேண்டும் என்று பொருள். உணவுப் பஞ்சக் காலத்தில், 1940-களில், ‘அதிக உணவு உற்பத்தி’ செய்யுங்கள் என்று அரசே கூவியது. அந்தக் குரலைக் கேட்டுக் காடு திருத்தப் போன குடும்பம் எதுவானாலும், அதன் பேரன் இன்று இந்தக் கணக்கில் தோற்றுப்போவான். காட்டில் பிறந்து காட்டிலேயே முடி நரைத்தவனிடம் 1930-ஆம் ஆண்டுச் சான்று கேட்பதைச் சட்டத்தின் கண்டிப்பு என்று சொல்வதைவிட மறதி என்று சொல்லலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு மூல வைகையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. லாக்கே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: எடுத்துக்கொள்கிறவன், மற்றவர்களுக்கும் போதுமான அளவில், அதே தரத்தில் மிச்சம் வைக்க வேண்டும். 1689-இல் அது சுலபம். நிலம் அளவற்றுக் கிடந்ததாக அவர் நம்பினார். வருசநாட்டில் ஒருவன் எடுத்துக்கொண்ட சோலைக்கு ஈடாக வேறெங்கும் மிச்சமில்லை. இங்கே பிறக்கும் வைகைதான் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. பாதி வருடம் மணலாகக் கிடக்கும் ஆறு. 1959-இல் திறந்த வைகை அணையும் பெரியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் நிறைகிறது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அறிவிக்கப்பட்டபோது, வைகையின் நீர்ப்பிடிப்பும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அது பொய்க் காரணமல்ல. சரிவில் மண்ணைக் கிளறினால் மழைநீர் ஊறாமல் ஓடிவிடும் என்பது மலை உழவருக்கும் தெரியும்.

ஐந்து மாவட்டத்துக்காகச் சில ஆயிரம் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கட்டுமே என்பது கூட்டல் கணக்கு. 1971-இல் தத்துவவாதி ஜான் ரால்ஸ் ‘நீதிக் கோட்பாடு’ எழுதியதே இந்தக் கூட்டல் கணக்கை எதிர்த்துத்தான். மலைமேல் அரசரடியில் பிறப்போமா, ராமநாதபுரத்துக் கடைமடையில் பிறப்போமா என்று தெரியாமல் உட்கார்ந்து விதி எழுதினால், யாரும் வெறும் வெளியேற்ற உத்தரவை எழுத மாட்டார்கள். காட்டை முழுக்க உழவுக்கு விடவும் மாட்டார்கள். மிகவும் நலிந்தவரிடம் முகம் பார்த்துச் சொல்லக்கூடிய ஏற்பாடாக அது இருக்கும்.

என் கணக்கில் அந்த ஏற்பாட்டுக்கு முதல் வேலை, ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற ஒற்றைப் பெயரைப் பிரிப்பது. பளியரின் உரிமை தனி. அங்கேயே குடியிருந்து உழுகிறவர் தனி. கீழே சமவெளியில் வசதியாக இருந்துகொண்டு, வெள்ளைத் தாளில் மலைக்காட்டை எழுதி வாங்கி ஆள் வைத்து நடத்துகிறவர் வேறு. அவருக்காக லாக் வாதாடலாம், நான் மாட்டேன். இறங்கச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு நிலத்துக்கு நிலம் கொடுக்கும் செலவை வனத்துறை மட்டும் சுமக்க வேண்டியதில்லை. வைகைத் தண்ணீரைக் குடிக்கும் மதுரை மாநகராட்சியின் பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி எழுதலாம்.