சோறு இறங்காதவர் காத்திருக்க முடியாது

நம் மாவட்ட அரசு மருத்துவமனையில் இரைப்பை-குடல் அறுவைப் பிரிவுக்கு வாரம் மூன்று நாள் கிடைத்துவந்த லேப்ராஸ்கோபி தியேட்டர், இனி செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கேமரா, திரை, ஒளி தரும் பெட்டி, வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தும் கருவி எல்லாம் அடுக்கிய ஒரே டவரும் அடுத்த கட்டடத்துக்குத் தள்ளிச் செல்லப்பட்டுவிட்டது. இதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே. டவரைப் பெற்றுக்கொண்ட மகப்பேறு பிரிவின் மீது நமக்கு எந்த வருத்தமும் இல்லை. கர்ப்பப்பை அறுவைக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் அது வேண்டியதே. நம்மை உறுத்துவது இந்த முடிவை அறிவித்த சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கம். “அவசரமற்றவை, காத்திருக்கலாம்” என்று தலைப்பிட்டு அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் முதல் வரி, அகலேசியா.

அகலேசியா நோயாளி ஒருவர் சாப்பிடுவதை ஒரு வேளையேனும் பார்த்தவர் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

சென்ற வாரம் அந்த அறுவைப் பிரிவின் வார்டில் நாம் பார்த்தோம். நடவு வேலைக்குப் போகிற பெண், நாற்பது வயதிருக்கும். குழைய வெந்த சோற்றை ரசத்தில் கரைத்து ஒரு கரண்டி வாயில் வைத்தார். உடனே சொம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு எழுந்து நின்றார். தோள்களைப் பின்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சுக்குழியில் கையை வைத்து அழுத்தினார். “இறங்கிருச்சாடி?” என்று கேட்டார் பக்கத்தில் நின்ற தாயார். மகள் தலையை ஆட்டினார், இல்லை என்று. அடுத்த கரண்டிக்குப் போக ஐந்து நிமிடம் ஆயிற்று. மூன்றாவது கரண்டி அப்படியே திரும்பி வந்துவிட்டது. கட்டிலில் மூன்று தலையணை. படுத்தால் தேங்கிய உணவும் தண்ணீரும் எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால், உட்கார்ந்தபடியேதான் இரவெல்லாம் தூக்கம். காலையில் மேல் தலையணை உறை நனைந்திருக்குமாம். இரண்டு ஆண்டு “கேஸ்” என்று மாத்திரை, அதன்பின் இருமலுக்கு மருந்து, அதன்பின் மனக்கவலை என்று ஒரு சீட்டு. பேரியம் குடிக்க வைத்துப் படம் எடுத்தபோதுதான், மேலே விரிந்து கீழே பறவையின் அலகு போலக் கூராக முடிகிற உணவுக்குழாய் தெரிந்தது.

உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் விழுங்கும்போது தளர வேண்டும். அதைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் கதவு திறப்பதில்லை. குழாயின் தசையும் உணவைக் கீழே தள்ளுவதில்லை. இதுதான் அகலேசியா. செத்த நரம்பை உயிர்ப்பிக்க மருந்து கிடையாது. கதவைத் தளர்த்துவது ஒன்றே வழி. 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், திமிங்கல எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்து, நோயாளியே அதை விழுங்கி உணவைத் தள்ளிக்கொள்ள வைத்தார். 1913-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை வெளிப்புறமிருந்து நீளவாக்கில் கீறிவிட்டார். 1991-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அதே அறுவையை லேப்ராஸ்கோபியில் செய்து காட்டினார்கள். வயிற்றில் ஐந்து சிறு துளைகள். தசை மட்டும் வெட்டுப்பட்டு, அடியில் உள்ள மெல்லிய சளிப்படலம் முத்துப்போல வெளியே பிதுங்கித் தெரிய வேண்டும், அது கிழியக் கூடாது. பெரிதாக்கிக் காட்டும் கேமரா வேண்டியது இந்த இடத்தில்தான். அமிலம் மேலேறாமலிருக்க இரைப்பையின் மேல்மடிப்பைக் கீறலின் மீது போர்த்தித் தைப்பார்கள். எல்லாம் நலமாக நடந்தால் இரண்டு மூன்று நாளில் வீடு.

இதைத்தான் காத்திருக்கலாம் என்கிறார்கள். எதுவரை? தேங்கத் தேங்க உணவுக்குழாய் விரிந்து, வளைந்து, பை போலாகிவிடும். அந்த நிலைக்குப் போனவருக்கு அறுவை செய்தாலும் முழுப்பலன் கிடைப்பதில்லை. சிலருக்குக் குழாயையே எடுக்க வேண்டிவரும். எடை குறைந்து, புரதம் குறைந்து, நுரையீரலில் சளி கட்டியவருக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் அறுவையைக் கடினமாக்குகிறது.

பிழை ஒரு சொல்லில் தொடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம். அறுவை மருத்துவர்கள் “எலெக்டிவ்” என்று சொல்வது, நாள் குறித்துச் செய்யும் அறுவையை. விபத்தில் மண்ணீரல் கிழிந்தவரை இரவோடிரவாகத் திறந்தாக வேண்டும். உணவுக்குழாய் அறுவைக்கு உடம்பைத் தேற்றி, ஆயத்தம் செய்து, நாள் பார்த்துச் செய்ய வேண்டும். வேறுபாடு அவ்வளவே. அந்தச் சொல்லை அலுவலக மேசையில் “அவசரமில்லை” என்று மொழிபெயர்த்து, அடுத்த மேசையில் “காத்திருக்கலாம்” என்று திருத்தி, மூன்றாவது மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பட்டியலின் மற்ற வரிகளும் இப்படித்தான். கழிப்பறை கழுவும் அமிலத்தைக் குடித்துவிட்டுப் பிழைத்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று எந்தச் செவிலியரைக் கேட்டாலும் பெருமூச்சுதான் விடுவார். அவர்களில் பலர் இளம் பெண்கள். வெந்த இரைப்பையின் வாய் சுருங்கிப்போய், குடித்த பாலெல்லாம் வாந்தியாக வரும். புண் ஆறி இறுகட்டும் என்று மருத்துவர் சில மாதம் காத்திருக்கச் சொல்வது உண்டு, அது சிகிச்சை. குடலில் போட்ட குழாய் வழியே கஞ்சி ஏற்றிக்கொண்டு அந்த மாதங்களைக் கடந்து வந்த பெண்ணிடம், தியேட்டர் இல்லை, இன்னும் காத்திரு என்பது சிகிச்சை ஆகாது.

கடைசி வரிதான் நம்பவே முடியாதது. இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்கு முன் செய்யும் லேப்ராஸ்கோபிச் சோதனையும் அவசரமற்றதாம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. ஸ்கேனில் தெரியாத சிறு பொட்டுகள் வயிற்று உறையில் பரவியிருந்தால், கேமராவை ஒரு துளை வழியே விட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும். தெரிந்தால் வீணாக வயிற்றைப் பிளக்க வேண்டியதில்லை, மருந்தைத் தொடங்கலாம். அந்த ஒரு துளையை மறுத்தால், நெஞ்செலும்பின் அடியிலிருந்து தொப்புள் தாண்டித் திறந்து பார்த்துவிட்டு மூடித் தைப்பார்கள்.

“திறந்து செய்யும் அறுவை இருக்கிறதே” என்கிறது சுற்றறிக்கை. இருக்கிறது, அதில் தேர்ந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இரு முறைகளையும் ஒப்பிட்டு 2012-இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று கண்டவர்கள் திறந்த அறுவையில் 29 சதவீதம், துளைவழி அறுவையில் 9 சதவீதம். அந்த ஆய்வில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து மார்பில் துளையிட்டார்கள். அதே முறையில் 130 பேருக்குச் செய்த அறுவைகளை 2006-இலேயே உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கோவையின் டாக்டர் சி. பழனிவேலு. தமிழ்நாட்டு மருத்துவர் வளர்த்த கலை தமிழ்நாட்டு ஏழைக்கு வாரம் ஒரு நாள்தான் என்றால், அதை எப்படி ஏற்பது?

பலூன் வைத்து விரிக்கலாம், வாய்வழியே எண்டோஸ்கோபியில் தசையை வெட்டலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008-இல் தொடங்கிய இரண்டாவது முறை அருமையானது, ஆனால் நம் மருத்துவமனையில் அது இல்லை. பலூன் நல்ல சிகிச்சைதான். இரண்டு ஆண்டு வரை அது அறுவைக்குக் குறைந்ததில்லை என்று 2011-இல் வந்த ஆய்வும் சொல்கிறது. ஆனால் பலூன் விரியும்போது குழாய் கிழிந்தால் உடனே அறுவை செய்ய ஆள் வேண்டும், தியேட்டர் வேண்டும். அந்த விபத்து செவ்வாய்க்கிழமை பார்த்து நடக்காது.

மிச்சமிருப்பவர்கள் சென்னைக்குப் போக வேண்டுமாம். இரவுப் பேருந்தில், படுத்தால் மூச்சடைக்கிறவர், ஒரு பாட்டில் இளநீரோடு. கூடப் போகிற தாயாரின் கூலியும் போகும். அங்கேயும் வரிசை.

இதே மேசைகளில் இதற்கு முன் நடந்ததை நாம் மறக்கவில்லை. விழுங்கும் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி கருவி வந்து இறங்கியபோது படமெடுத்துப் போட்டார்கள். இயக்க ஆள் போடவில்லை. உத்தரவாதக் காலம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே முடிந்தது. அந்தக் கருவி ஓடியிருந்தால் நடவு வேலைக்குப் போகிற அந்தப் பெண் இரண்டு ஆண்டு கேஸ் மாத்திரை விழுங்கியிருக்க மாட்டார். எண்டோஸ்கோப் ஒன்று பழுதுக்குப் போனது, வழக்கு போலக் கோப்பு நீண்டது, ஸ்கோப் வரவில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறந்து, கரியமில வாயு சிலிண்டர் இல்லாமல் தியேட்டர் பூட்டிக் கிடந்த நாட்களும் உண்டு. இந்த அறுவையில் கைதேர்ந்த இருவரை ஒரே உத்தரவில் இடமாற்றியதும் இவர்களே. ஒவ்வொரு முறையும் நாம் எழுதினோம். ஒவ்வொரு முறையும் “பரிசீலிக்கப்படுகிறது” என்று பதில் வந்தது. பரிசீலித்தவர் யார், எந்த நாளில், எந்த நோயாளியைப் பார்த்து என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு முடிவுக்குக்கூட ஒருவரும் பொறுப்பேற்றதில்லை. கோப்பு மட்டும் கைமாறுகிறது, நோயாளி மெலிகிறார்.

இந்தச் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட வேண்டும். இன்னொரு டவர் வாங்குவதோ, நாட்களைப் பகிர்வதோ, மாலை நேரத்தில் தியேட்டர் நடத்துவதோ, எப்படியாவது ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். அதை வார்டில் நிற்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் உட்கார வைத்துக் கேட்டுச் செய்ய வேண்டும். அதற்குள் அந்த இரண்டாம் பக்கத்தையாவது கிழித்தெறிய வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நான்கு பெயர்கள் எழுதியாயிற்று. அதற்கடுத்த வாரமும் நிரம்பிவிட்டது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே இன்னும் தேதி போடவில்லை. இந்த மாதத்தில் மட்டும் அவர் நான்கு கிலோ குறைந்திருக்கிறார்.