செத்தது எது?

"சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் பழுது பார்க்க என்ன இருக்கிறது? நின்றால் உள்ளிருந்த யாவும் போயிற்று" என்பது காதர்பேட்டைக் கடைகள் முதல் ஏற்றுமதி அலுவலகங்கள் வரை திருப்பூரில் சர்வசாதாரணமாக வழங்கும் வாதம். தட்டு இல்லை என்பது சத்தியம். அதிலிருந்து பெறும் முடிவு அபத்தம்.

முதலாவது, எம்ப்ராய்டரி டிசைனும் மார்க்கர் கோப்பும் உறைவது நாண்ட் ஃபிளாஷ் சில்லுகளில்; மின்சாரம் நுழைவதோ ஃபியூஸ், பாதுகாப்பு டயோடு, கடுகளவு கெப்பாசிட்டர்கள் வழியே. ஊசி முறிந்ததென்று ஓவர்லாக் மெஷினையே எடைக்குப் போடுவீர்களா?

இரண்டாவது, சோதித்தீர்களா? இணைப்பை அகற்றி, சாட்டா வகையாயின் 5 வோல்ட், எம்.2 ஆயின் 3.3 வோல்ட் தடத்திற்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, தடை ஏறத்தாழப் பூஜ்யமெனக் கண்டால், அத்தடத்தில் 1 வோல்ட் அளவே, கரண்டைக் கட்டுப்படுத்திச் செலுத்தி, பலகைமேல் தடவிய ஐசோப்ரொபைல் ஆல்கஹால் எவ்விடத்தில் முதலில் உலர்கிறதென்று பொறுமையோடு நோக்கினால், குற்றவாளி தன் உஷ்ணத்தாலேயே அகப்படுவான். பல சமயம் அவன் ஒரு கெப்பாசிட்டர்; வடிகட்டும் வேலையில் பல சகாக்களோடு நிற்கும் அவனை நீக்கினால், கோப்புகளை நகலெடுக்கும் வரையிலாவது டிரைவ் விழிப்பதுண்டு.

"சில்லைப் பெயர்த்து வேறு பலகையில் ஒட்டினால் தீர்ந்தது" என்னும் மேதாவிகளும் உளர். சில்லுகளை ஆளும் கன்ட்ரோலர்கள் பல, தரவை மறையாக்கியே எழுதுகின்றன. சாவி பழைய பலகையின் கன்ட்ரோலரிடம் இருக்க, பூட்டிய பெட்டியை மட்டும் தூக்கிப்போய் என்ன பிரயோஜனம்?

கன்ட்ரோலரே கருகியிருந்தால் நானும் கைவிரிப்பேன். அதைச் சொல்லும் முன் அளந்து பார்த்திருப்பேன்.